முடியாத கொலைவழக்கு ஊர் சுற்றிய கதை

மேடவாக்கத்துக்கு அருகே மாடம்பாக்கத்தில் இருக்கும் தேனுபுரீஸ்வரர் கோயில் சுந்தர சோழர் காலத்தது என்பார்கள். அந்தச் சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் 969-ஐ ஒட்டிக் கொலையுண்டான். செய்தது யார்? அன்று கிளம்பிய கேள்வி இன்னும் வீடு திரும்பவில்லை.

காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டு ஒரு பதில் தருகிறது. கரிகாலனின் தம்பி ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்கள் துரோகிகளாக அறிவிக்கப்பட்டு, பெண் கொடுத்த சம்பந்திகளின் சொத்து வரை பறிமுதலாயிற்று. ஆனால் கொலைக்கும் இந்தத் தண்டனைக்கும் நடுவில் உத்தம சோழன் சுமார் 15 ஆண்டு ஆண்டிருந்தான். அதனால் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரிக்கு அவன்மேல் சந்தேகம். இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். ஒரே கல்வெட்டு, இரண்டு முடிவு.

இந்தக் கேள்வி பின்னாளில் தமிழில் தொடர்கதையானது; அந்தக் கலையைப் பார்க்க முதலில் பாரிஸ் போவோம். 1844-இல் ஒரு நாளேட்டில் 'மூன்று மஸ்கட்டியர்கள்' தொடரை எழுதிய பிரெஞ்சு நாவலாசிரியர் டூமா, அடுத்த ஆண்டே இரண்டாம் பாகத்தில் அரசியல் கலகத்தைக் கிளப்பி, உயிர்த் தோழர்கள் நால்வரையும் எதிரெதிர்க் கட்சிகளில் நிறுத்தினார். இந்தத் தொடர்கதைக் கலையைத் தமிழ் வார இதழ்கள் கைப்பற்றிக்கொண்டன.

1950 முதல் 1954 வரை கல்கி 'பொன்னியின் செல்வன்' எழுதினார். ரவிதாசனைக் கல்வெட்டிலிருந்து பெயரோடு எடுத்துப் பாண்டிய நாட்டு ஆபத்துதவியாக, அதாவது அரசனின் மெய்க்காவலனாக ஆக்கினார். கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது, இளவரசன் சாய்கிறான். பழி கதாநாயகன் வந்தியத்தேவன்மேல் விழுகிறது. கடம்பூர் இளவரசி மணிமேகலையோ நானே கொன்றேன் என்கிறாள். தனாதிகாரி பெரிய பழுவேட்டரையரும் குற்றத்தை ஏற்கிறார். வாசகர்கள் விளக்கம் கேட்டார்கள். அவர் முடிவுரையில் சிலவற்றுக்குப் பதில் சொன்னார், கொலையாளியை மட்டும் உறுதிப்படுத்தவில்லை. சான்று இல்லாத இடத்தில் தீர்ப்பு எழுதாத அந்த நேர்மை எனக்கு மிகப் பிடிக்கும். அந்த 1954 டிசம்பரிலேயே அவர் மறைந்தார். கதையைத் தொடர எழுத்தாளர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யோடு வந்தார், பிறகு இன்னும் பலர்.

எந்த முடிவு உண்மை என்ற இதே தலைவலி கணினி ஆட்டம் உருவாக்குபவர்களுக்கும் வந்தது. 1996-இல் அமெரிக்காவின் பெதஸ்டா வெளியிட்ட 'டாகர்ஃபால்' ஆட்டத்தில், ராட்சத ஆயுதம் யார் கைக்குப் போகும் என்பதை ஆடுபவரே தீர்மானிப்பார். அடுத்த பாகத்தில் எதை உண்மை என்பது? காலமே உடைந்து எல்லா முடிவுகளும் ஒருசேர நடந்தன என்று அறிவித்துவிட்டார்கள்! போலந்தில் உருவான 'விட்சர் 3' (2015) வேறு வழி பிடித்தது. நாயகனுக்குச் சவரம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு தளபதி முன்கதையை விசாரிப்பார். நீங்கள் சொல்லும் பதிலே அந்த உலகத்தின் வரலாறு.

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் இரண்டாம் பாகம் (2023) யாரையும் கேட்கவில்லை. கல்கி ஆள்மாறாட்டத்தின் முடிவில் சேந்தன் அமுதன் என்ற பாத்திரத்துக்கு உத்தம சோழன் என்று சூட்டிய முடியை, இளவரசன் மதுராந்தகனுக்கே கொடுத்துவிட்டது. அவர் அரும்பாடுபட்டுப் பின்னிய அந்த ஆள்மாறாட்டம் போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் உத்தம சோழன் அரியணை ஏறினான் என்ற வரலாற்றில் இரண்டு பேருமே கைவைக்கவில்லை.