தவுக்கே: துறைமுகத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த சொல்

பேராக் ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு அதிகாரத்தின் படிக்கட்டு பெயர்களாகவே மனப்பாடம். பங்களாவில் துரை, ஆபீசில் கிராணி, நிரையில் தண்டல், ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்த கங்காணி. இந்த வரிசையில் சேராமல் ஒருவர் இருந்தார். தோட்டத்து முனையில் கடை வைத்து, அரிசியும் கருவாடும் மண்ணெண்ணெயும் பற்றில் கொடுத்து, சம்பள நாளில் கணக்குப் பார்க்கும் சீனர். அவர்தான் தவுக்கே.

சொல் ஹொக்கியன் மொழியைச் சேர்ந்தது. அதில் ‘தாவ்’ என்றால் தலை. ‘கே’ என்றால் வீடு, குடும்பம். இரண்டும் சேர்ந்தால் வீட்டுக்குத் தலைவர். திருவிழாவுக்கு வரி போடும்போது நம் கிராமங்களில் குடும்பங்களைத் ‘தலைக்கட்டு’ என்று எண்ணுகிறோம். தலையை வைத்து வீட்டை அறியும் அந்த வழக்கத்துக்கு மிக நெருங்கிய சொல் இது. மலாய்க்காரர்கள் அதைத் ‘தவ்கே’ என்று வாங்கிக்கொண்டார்கள். தமிழர் வாயில் நடுவே ஓர் உகரம் சேர்ந்தது. சொல்லின் இடையில் வரும் ஒற்றைக் ககரம் தமிழில் மெலிந்து ஒலிக்கும். அந்த வல்லோசையைக் காப்பாற்றக் ககரம் இரட்டித்தது. தவுக்கே பிறந்தது.

ஹொக்கியன் என்பது சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தின் பெயரை அந்த மக்கள் உச்சரிக்கும் விதம். அவர்களுடைய பெரிய துறைமுகம் அமோய். இன்றைய பெயர் சியாமென். 1842ஆம் ஆண்டின் நான்கிங் உடன்படிக்கை அந்நிய வணிகத்துக்குத் திறந்துவிட்ட ஐந்து துறைமுகங்களில் அதுவும் ஒன்று. பின்னால் மலை, முன்னால் கடல், நடுவில் போதாத வயல். அங்கிருந்து தேயிலை போனது. அதைவிட முக்கியமாக மனிதர்கள் போனார்கள். போனவர்களிடமிருந்து பணமும் கடிதமும் ஒரே உறையில் திரும்பி வந்தன. அப்படிப்பட்ட கடிதங்களின் பெருந்தொகுதியை 2013இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. துறைமுகத்துக்கு எதிரேயுள்ள குலாங்யூ தீவில் கடல்கடந்து சம்பாதித்தவர்கள் கட்டிய மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன.

அந்தக் கரை தமிழருக்கு முன்பே பழக்கமானது. அமோய்க்கு வடக்கே உள்ள சுவான்சௌ நகரில், சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனுக்குத் திருமேனி எழுந்தருளப்பண்ணியதைச் சொல்லும் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அன்று வணிகராகப் போய்க் கோயில் எழுப்பிய இனம், அறுநூறு ஆண்டு கழித்து அந்தக் கரையின் மக்களைப் பேராக்கில் பால்வெட்டும் கூலியாகச் சந்தித்தது.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. பேராக்கின் ஈப்போ ஹொக்கியன் ஊர் அல்ல. அதைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டியவர்களில் பெரும்பாலோர் காண்டோனியரும் ஹக்காக்களும். ஈப்போவின் புதுநகரை எழுப்பிய யாவ் தெட் ஷின், ஈய மன்னர் எனப்பட்ட ஃபூ சூ சூன் இருவரும் ஹக்காக்கள். காண்டோனியத்தில் முதலாளிக்கு ‘லோபான்’ என்ற சொல் இருக்கிறது. அப்படியிருந்தும் பேராக்கின் மலாய்க்காரரும் தமிழரும் சீன முதலாளியைத் தவுக்கே என்றே அழைத்தார்கள். காரணம் பினாங்கு. பேராக்கின் ஈயத்துக்கு வேண்டிய மூலதனமும் அரிசியும் ஆட்களும் பினாங்கிலிருந்து வந்தன. பினாங்கின் பெருவணிகம் ஹொக்கியன்களின் கையில் இருந்தது. சுரங்கத்தில் என்ன மொழி பேசினாலும் கடன் பேசிய மொழி துறைமுகத்தின் மொழி.

கடன் என்பதில்தான் இந்தச் சொல்லின் உயிர் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். துரை ஏவுகிறவர். முதலாளி என்னும் தமிழ்ச் சொல்லில் இருப்பது முதல், அதாவது பணம். தவுக்கே என்பதில் இருப்பதோ குடும்பம். அமோயிலிருந்து புறப்பட்ட இளைஞன் பல நேரம் உறவுக்காரர் அல்லது ஊர்க்காரர் முன்பணத்தில் கப்பலேறினான். வந்து அவர் கடையில் உழைத்துக் கடனை அடைத்தான். அவரிடமே சரக்கைக் கடனாக வாங்கித் தனிக்கடை போட்டான். ஒருநாள் அவனும் தவுக்கே ஆனான். எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. அபினிலும் சுரங்கக் காய்ச்சலிலும் அழிந்தவர்கள் ஏராளம். ஆனால் ஏணி ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. கங்காணி கூட்டி வந்த தமிழனுக்கு அந்த ஏணி இல்லை. அவன் குடியிருந்த லயமும் தோட்டத்துக்குச் சொந்தம். தண்டலாகலாம், துரையாக முடியாது. தவுக்கே என்று அவன் அழைத்தபோது, தனக்குக் கிடைக்காத ஒரு பாதையின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தான். தமிழரிடம் மூலதனமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பேராக்கின் சீனச் சுரங்கக்காரர்களுக்கே செட்டியார்கள் வட்டிக்குப் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணம் லயத்துப் பக்கம் வந்தது அபூர்வம்.

ரப்பர் திரும்ப அமோய்க்கே போனது டான் கா கீ என்பவரின் கதை. 1874இல் அமோயை ஒட்டிய ஜிமேயில் பிறந்து, சிங்கப்பூரில் அன்னாசியிலும் ரப்பரிலும் பெரும் தவுக்கே ஆனவர். ஜிமேயில் பள்ளிகள் கட்டினார். 1921இல் அமோயில் ஒரு பல்கலைக்கழகத்தையே நிறுவினார். அதற்கு அவர் வாக்களித்தது 40 லட்சம் சீன வெள்ளி. பிறகு உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்தது. அதே சரிவு அவர் நிறுவனத்தை 1934இல் மூட வைத்தது. ஆயிரக்கணக்கான தமிழ்த் தோட்டத் தொழிலாளரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியது. 1937இல் பல்கலைக்கழகத்தை அரசிடம் ஒப்படைத்தார். அது நிலைத்தது. மலாயாவின் பால்மரம் ஒரு சீனத் துறைமுகத்தில் பல்கலைக்கழகமாக நிற்கிறது என்று சொன்னால் மிகையாகாது. அதே பல்கலைக்கழகம் 2016இல் சிலாங்கூரின் சிப்பாங்கில் தன் கிளையைத் திறந்தது.

பேராக்கில் சொல்லின் கசப்பான பருவம் 1950களில் தொடங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கிய தவுக்கேக்களும் கூட்டு முதலீட்டாளரும் அவற்றைத் துண்டு துண்டாக மறுபடி விற்றார்கள். வாங்கியவர்களில் இந்தியரும் இருந்தார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். துண்டானது நிலம் மட்டுமல்ல. வேலையும் லயமும் தமிழ்ப்பள்ளியும் கோயிலும் சேர்ந்தே ஆட்டம் கண்டன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் இதைத் தடுக்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் 10 வெள்ளித் தவணைகளில் பங்குப் பணம் கட்டினார்கள். சங்கம் தோட்டங்களை வாங்கியது. லயத்திலிருந்தவன் நிலத்தில் பங்குதாரன் ஆனது அங்கேதான். ஒரே உறவினரின் முன்பணம் செய்ததை ஆயிரம் பேரின் தவணை செய்ய முயன்றது. மலேசியத் தமிழர் பொருளாதார வரலாற்றில் இதைவிடப் பெரிய முயற்சியை நான் அறியேன். அதை நம் பிள்ளைகளுக்குப் போதிய அளவு சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

தைவானில் இச்சொல் வேறு திசையில் போயிருக்கிறது. தேர்தல் மேடைகளில் வாக்காளர்களையே ‘தாவ்கே’ என்கிறார்கள். நாட்டுக்கு எஜமானர் நீங்கள் என்ற பொருளில். ஈப்போவில் அது இனத்தைக் கடந்துவிட்டது. சொந்தமாக இரண்டு லாரி வைத்திருக்கும் தமிழரையும் ‘தவுக்கே இருக்காரா?’ என்று தேடி வருகிறார்கள். இளையவர்கள் வாயில் ‘பாஸ்’ அந்த இடத்தைப் பிடித்து வருகிறது. தேத்தண்ணீர் கொண்டுவரும் பையனும் பாஸ், குடிக்கிறவரும் பாஸ். தவுக்கே என்று மட்டும் இன்னும் கடை உள்ளவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.