ஸ்டெல்லரேட்டரின் மீக்கடத்திக் காந்தச் சுருள்கள்

அணுக்கரு இணைவுக்கான பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் கருவிகளுள் ஒன்று ஸ்டெல்லரேட்டர். 1951-இல் பிரின்ஸ்டனில் லைமன் ஸ்பிட்சர் இதை வகுத்தார். புலத்தை முறுக்கினால்தான் பிளாஸ்மா சுவரைத் தொடாமல் நிற்கும். இன்னொரு வகைக் கருவியான டோகாமாக்கில் பிளாஸ்மாவுக்குள் ஓடும் மின்னோட்டம் அந்த முறுக்குக்குத் துணைசெய்கிறது. அது நிலைகுலைந்தால் பிளாஸ்மாவும் அணைந்துவிடும். ஸ்டெல்லரேட்டரிலோ முறுக்கு முழுவதும் வெளிச் சுருள்களிலிருந்தே வருகிறது. ஆகவே கருவியின் தரம் சுருளின் வடிவத்தில்தான் இருக்கிறது.

செம்புச் சுருளில் பெரும் மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்தினால் சூடேறிவிடும். நியோபியம்-டைட்டானியம் கம்பியை 4 கெல்வின் அளவுக்கு ஹீலியத்தால் குளிர்வித்தால் மின்தடை மறைந்து அது மீக்கடத்தியாகிறது. ஜெர்மனியின் கிரைப்ஸ்வால்டில் 2015 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் கருவியில் இத்தகைய 70 சுருள்கள் உள்ளன. அவற்றில் 50 சுருள்கள் எந்தத் தளத்திலும் அடங்காமல் நெளிந்து வளைந்தவை. புலத்தின் பிழை ஒரு லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று பின்னர் அளந்து உறுதிசெய்தார்கள். இணைவு ஆய்வில் இதைவிட நுணுக்கமான கட்டுமானம் அரிது.

இத்தகைய சுருள்களில் இந்தியாவின் பெரிய அனுபவம் டோகாமாக்கில் கிடைத்தது. காந்திநகர் அருகே பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்ள எஸ்.எஸ்.டி-1 கருவியில் வளையப் புலத்துக்கு மட்டும் 16 மீக்கடத்திச் சுருள்கள். வடிவமைத்த மின்னோட்டம் 10,000 ஆம்பியர், புலம் 3 டெஸ்லா. முதல் முயற்சி கைகூடவில்லை. ஹீலியக் கசிவும் சுருள் இணைப்புகளின் மின்தடையும் தடையாக நின்றன. இணைப்புகளைத் திருத்தி, ஒவ்வொரு சுருளையும் தனித்தனியே குளிர்வித்து, முழு மின்னோட்டத்தில் சோதித்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். 2013 ஜூனில் முதல் பிளாஸ்மா உருவானது. இந்தப் பொறுமையான திருத்த வேலையைத்தான் இத்திட்டத்தின் பெரிய சாதனையாகக் கொள்ள வேண்டும்.

தமிழகத்தில் இந்தக் கடுங்குளிர் வேலைக்கு நெருக்கமான தொழில்நுட்பம் தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்குத் தெற்கே, திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இருக்கிறது. அங்குள்ள இஸ்ரோ வளாகத்தில் கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். எரிபொருளான திரவ ஹைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 253 டிகிரி செல்சியஸ். ஹீலியத்துக்கு மைனஸ் 269. இடைவெளி 16 டிகிரிதான் என்றாலும், அந்தக் குளிரில் ஒவ்வொரு டிகிரிக்கும் மின்செலவு கடுமையாக ஏறும். ஆனால் வெற்றிடக் காப்பு, குளிரில் சுருங்கும் உலோகம், கசியாத பற்றவைப்பு ஆகிய மூன்றும் இரு துறைக்கும் பொதுவான சிக்கல்கள். ஸ்டெல்லரேட்டர் கட்ட முனையும் நாட்டுக்குக் கணினியில் சுருளை வடிவமைப்பவர்களைப் போலவே இந்தக் கைத்திறன் உள்ளவர்களும் இன்றியமையாதவர்கள்.