நீர்வழியும் சுக்கானும்

நமது குடியிருப்பில், விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளுடன் பூவாற்றுக்குச் சென்று படகேறி வராத குடும்பம் அரிது. அமரவிளையைத் தழுவிச் செல்லும் நெய்யாறு கடலோடு கலக்குமிடத்தில் சிறு படகொன்றை அமர்த்தி, அலையாத்தி மரங்களினூடே சுற்றி, பொழிமுகத்து மணற்றிட்டைக் கண்டு திரும்புகிறோம். தலைநகரத்து வேளிக் காயலிலும் இவ்வாறே படகுகள் உண்டு. இன்று இது பொழுதுபோக்கு. ஒரு காலத்தில் இந்நீரே இந்நாட்டின் பெருவழியாக இருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நன்று.

திருவிதாங்கூரை 1815 முதல் 1829 வரை ஆண்ட ராணி கௌரி பார்வதி பாயின் காலத்தில், திருவனந்தபுரம் வள்ளக்கடவிலிருந்து வேளி வழியாகக் கடினங்குளம் காயல் நோக்கிக் கால்வாய் ஒன்று வெட்டப்பெற்றது. அதுவே பார்வதி புத்தனாறு. அதற்கும் வடக்கே வர்க்கலைக் குன்று வழிமறித்து நின்றது. குடந்தையிற் பிறந்த திவான் சர் டி. மாதவராவ் காலத்தில் அக்குன்றைக் குடையும் பணி தொடங்கி, 1880இல் நிறைவெய்தியது. அதன்பின் திருவனந்தபுரத்தில் வள்ளமேறியவர், வர்க்கலையில் இறங்கி நடவாமலே கொல்லம் சேரலாயிற்று.

தெற்கேயும் ஒரு முயற்சி நடந்தது. பூவாற்றிலிருந்து குமரி முனைவரை நீர்வழி காணக் கருதி, 1860இல் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் தொடங்கப்பெற்றது. பத்மநாபசுவாமி, விக்டோரியா மகாராணி, மார்த்தாண்ட வர்ம மகாராஜா ஆகிய மூவர் பெயரையும் தாங்கிய அக்கால்வாய் குமரியைச் சென்றடையவேயில்லை. 1956 நவம்பர் 1இல் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது, வெட்டிய பகுதியும் கேரளம், தமிழகம் என இரண்டாகப் பிரிந்தது.

நீர்வழியின் செல்வாக்கு குன்றியமைக்கு நமக்குச் சோறிடும் இருப்புப்பாதையும் ஒரு காரணம். புகைவண்டி 1904இல் கொல்லத்தையும், 1918இல் திருவனந்தபுரத்தையும் அடைந்தது. 1979 ஏப்ரலில் அமரவிளை வழியாகக் குமரிவரை சென்றது. நீண்ட பயணத்திற்குப் படகை நாடுவோர் குறைந்தனர். எனினும் சுக்கான் பிடிப்போரின் மரபு அழிந்துவிடவில்லை.

பெரிய பயணப் படகுகளில் சுக்கான் பிடிப்பவரை இவ்வூரார் 'ஸ்ராங்கு' என்பர். அவர் மணிக்கயிற்றை இழுத்துக் குறிப்புணர்த்த, இயந்திரத்தருகே இருப்பவர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். கொடியும் மணியும் கொண்டு பிழைக்கும் நமக்கு இம்முறை புதிதன்று. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. நிலைய அதிகாரி, கார்டு, ஓட்டுநர் எனப் பலர் பகிர்ந்துகொள்ளும் பொறுப்பைப் பூவாற்றின் சிறு படகில் ஒருவரே சுமக்கிறார்.

அப்பொறுப்பு தளர்ந்தால் விளைவதையும் சரித்திரம் காட்டுகிறது. 1924 ஜனவரியில், அளவுக்கு மிஞ்சிய பயணிகளுடன் சென்ற 'ரிடீமர்' என்னும் நீராவிப் படகு பல்லனையில் கவிழ்ந்து, மகாகவி குமாரன் ஆசான் உள்ளிட்ட பலர் மாண்டனர். 2002 ஜூலையில் குமரகத்தருகே 29 பேரும், 2009 செப்டம்பரில் தேக்கடியில் 45 பேரும், 2023 மே மாதம் தானூரில் 22 பேரும் உயிரிழந்தனர். தானூரிலும் படகு தாங்குமளவுக்கு மேல் ஆட்கள் ஏறியிருந்தனர். நூறாண்டு கழிந்தும் பாடம் முற்றிலும் படிக்கப்படவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அப்பாடத்தை மறந்தோம். பூவாற்றில் நம் கூட்டத்தார் பதினான்கு பேர். படகோ பத்துப் பேருக்குரியது. "நால்வர் குழந்தைகள்தாமே, மடியில் வைத்துக்கொள்கிறோம்" என்றோம். கூலி கூட்டித் தருவதாகவும் சொன்னோம். படகோட்டி இசையவில்லை. "ரயிலில் அரை டிக்கட் உண்டு, சாரே, தண்ணீருக்கு அந்தக் கணக்குத் தெரியாது" என்றார். முணுமுணுத்தவாறே இரண்டாம் படகு அமர்த்தினோம். பொழிமுகத்தை நெருங்குகையில் காற்று வலுத்துப் படகு ஒருபுறம் சாய்ந்தெழுந்தபோது நம் முணுமுணுப்பு அடங்கியது. கரையேறியதும் அவரிடம் சென்று வணங்கினோம். அவர் சிரித்துவிட்டு அடுத்த சவாரிக்குப் புறப்பட்டார்.

மிகுதியான கூலியை மறுத்து, தம் சொல்லில் நின்ற அம்மனிதருக்கு நாம் கடன்பட்டவர்கள். அக்கடனைத் தீர்க்கும் வழி எளிது. அடுத்த முறை செல்லும் குடும்பங்கள், குழந்தைகளையும் தலைக்கணக்கில் சேர்த்துச் சொல்லுக. மிதவை அங்கியை இறுதிவரை கழற்றாதிருக்க. காட்சி காண ஒருபுறமாக எழுந்து நெருக்காதிருக்க. 'இத்தனை பேர்தாம்' என்று படகோட்டி சொன்னால், அதனைக் கார்டு காட்டும் சிவப்புக் கொடியாகவே கொள்க. கொடியின் அருமை இருப்புப்பாதைக் குடும்பங்கள் அறியாததன்று.