வேலூரில் அளந்த பிள்ளைகள்

எங்க ஊர் வாசுதேவநல்லூரில் ஐம்பதைத் தாண்டிய பலருக்குச் சர்க்கரை. கேட்டால், "சின்ன வயசுல ஒல்லியாத்தான் இருந்தேன்" என்பார்கள். வேலூரில் இதற்கு ஒரு பெரிய கணக்கே இருக்கிறது.

1969–73ல் வேலூர் நகரிலும் கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை சிஎம்சி ஆய்வாளர்கள் அளந்து குறித்தார்கள். சிறுவயதில், விடலைப் பருவத்தில் என்று மறுபடியும் அளந்தார்கள். 1998–2002ல், அவர்களில் 2,218 பேரைத் தேடிப் பிடித்து ரத்தச் சர்க்கரை பார்த்தார்கள். அப்போது வயது 26–32.

கிராமத்தைவிட நகரத்தில் சர்க்கரைக் கோளாறு அதிகம். சிறுவயதில் மெலிந்திருந்து, விடலைப் பருவத்துக்கு அப்புறம் வேகமாக எடை கூடியவர்களுக்கு ஆபத்தும் அதிகம்.

டெல்லியில் 1,492 பேரைப் பார்த்த இன்னொரு ஆய்வு 2004ல் வெளியானது. அங்கே கோளாறு வந்தவர்களில் ஒருவர்கூட 12 வயதில் குண்டு இல்லை!

கம்ப்யூட்டர்காரன் பாஷையில் சொன்னால், ஒரு ஸ்கிரீன்ஷாட் போதாது, முழு லாக் வேண்டும். ஒல்லிப் பிள்ளை இருபதில் சட்டென்று சதை போட்டால் "தேறிட்டான்" என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளின் எடை குறித்த தடுப்பூசி அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். உங்க வீட்டு லாக் அதுதான்.