கல்லாகிப் போன மரக்கோயில்கள்

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? நம்ம அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருப்பதுதான். மூலவர் சன்னதிக்கு முன்னால் இரண்டு தூண்கள் நிற்கும். கல் இல்லை, எருக்கு! ரோட்டோரம் முளைக்குமே, பிள்ளையாருக்கு மாலை கட்டிப் போடுவோமே, அதே எருக்குதான். ஓணன், வாணன் என்ற குறும்பர் தலைவர்களைத் தொண்டைமான் ஜெயித்து, அவர்கள் கோட்டையிலிருந்து எடுத்துவந்து நட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. புராணத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு வந்த கேள்வி வேறு. சுற்றிலும் கல்லால் கட்டிய கோயிலில் மரத்தூணுக்கு என்ன வேலை?

இதைத் தேடிப் படிக்கப் போய் நான் முதலில் போய் நின்ற இடம் நார்வே. (சிரிக்காதீங்க, தேட ஆரம்பித்தால் அப்படித்தான் எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும்.)

அங்கே 'ஸ்டேவ் சர்ச்' என்று சொல்லப்படும் மரத் தேவாலயங்கள் இருக்கின்றன. ஸ்டேவ் என்றால் நிறுத்திவைத்த தூண். போர்குண்ட் என்ற ஊரில் இருப்பது 1180 வாக்கில் கட்டப்பட்டது. உர்னெஸில் இருப்பது அதைவிடப் பழசு, 1130களைச் சேர்ந்தது. 1979-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. போர்குண்ட் படத்தைப் பார்த்தால் அடுக்கடுக்கான கூரை, கூரை முனையில் டிராகன் தலை என்று ஏதோ சீனக் கோயில் மாதிரியே இருக்கும். 800 வருஷத்துக்கு மேல் பழைய பைன் மரம், இன்னும் நிற்கிறது.

எப்படி நிற்கிறது என்பதுதான் சுவாரசியம். ஆரம்பத்தில் அவர்களும் நம்மூர் பந்தல்கால் மாதிரி குழி தோண்டித் தூணை மண்ணில் நட்டிருக்கிறார்கள். அடி மக்கிப்போய் எல்லாம் விழுந்தது. பிறகு கல் வரிசை ஒன்றை அடுக்கி, அதன் மேல் கனமான உத்திரங்களைப் படுக்கவைத்துச் சட்டமாகப் பூட்டி, அந்தச் சட்டத்தின் மேல் தூண்களை நிறுத்தினார்கள். தூணுக்கும் மண்ணுக்கும் தொடர்பே இல்லை. சுவர்ப் பலகைகள் செங்குத்தாக, ஒன்றின் விளிம்பு அடுத்ததன் பள்ளத்தில் செருகியிருக்கும். வெளியே சில வருஷத்துக்கு ஒருமுறை தார் பூச்சு. இவ்வளவுதான் ரகசியம்.

ஆனாலும் ஒரு காலத்தில் ஆயிரத்துக்குக் குறையாமல் இருந்ததாகச் சொல்லப்படுபவற்றில் இன்று நார்வேயில் மிஞ்சியிருப்பது 28. மக்கிப் போனது பாதிக் கதை. இன்னொரு பாதி, ஒரு சட்டம். 1851-ல் ஊர் மக்களில் பத்தில் மூன்று பங்கு பேர் உட்கார இடம் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பழைய சின்னக் கோயில்களை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். டால் என்ற ஓவியரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1844-ல் ஒரு சங்கம் ஆரம்பித்துக் கத்தியதால்தான் சிலவாவது பிழைத்தன. போர்குண்டை அந்தச் சங்கமே 1877-ல் விலைக்கு வாங்கிவிட்டது!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நம்மிடமும் மரக்கோயில்கள் இருந்தனவா? இருந்தன. சாட்சி சொல்வது ஒரு ராஜா. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மண்டகப்பட்டு என்ற ஊரில் ஒரு குடைவரை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்தது. அங்கே உள்ள வடமொழிக் கல்வெட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் இந்தக் கோயிலைச் செய்தேன் என்று பெருமை அடித்துக்கொள்கிறான். 'விசித்திரசித்தன்' என்று பட்டம் வேறு. யோசித்துப் பாருங்கள். இல்லை இல்லை என்று நாலு பொருளைச் சொல்கிறான் என்றால், அதுவரை கோயில் என்றாலே அந்த நாலும்தான். ஒரு மனிதன் தற்பெருமைக்காகச் செதுக்கியது, தொலைந்துபோன ஒரு கட்டடக்கலைக்கே இறப்புச் சான்றிதழ் ஆகிவிட்டது.

அந்தப் பழைய கோயில்கள் எங்கே? மழை, கரையான், தீ. செங்கல் அடித்தளமாவது சில இடத்தில் மிஞ்சியது. 2004 சுனாமிக்குப் பிறகு மாமல்லபுரம் பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் தோண்டி எடுத்த முருகன் கோயில் அப்படித்தான், கீழே செங்கல் இருக்கிறது, மேலே ஒன்றும் இல்லை. மரம் அந்த அளவுக்குக்கூட மிஞ்சவில்லை.

ஆனால் உருவம் போகவில்லை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. மாமல்லபுரம் ஐந்து ரதங்களை ஸ்கூல் டூரில் எல்லோரும் பார்த்திருப்போம். (பாண்டவர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, பின்னால் வந்த பெயர்.) திரௌபதி ரதம் அப்படியே ஒரு குடிசை. ஓலைக்கூரையின் வளைவு, மூலைகளில் ஓலையைப் பிடித்துக் கட்டிய பட்டை மாதிரி வேலைப்பாடு, எல்லாம் ஒரே பாறையில். பீம ரதம் மூங்கிலை வளைத்துக் கட்டிய வண்டிக்கூடு மாதிரி நீளமான கூரை. சகதேவ ரதத்தின் பின்பக்கம் படுத்திருக்கும் யானையின் முதுகு போல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பது இதைத்தான். கல்லில் ஒரு பின்சுவரை வளைப்பது வீண் வேலை. ஆனால் கம்புகளை வளைத்து ஓலை வேயும்போது அந்த வளைவு தானாக வந்துவிடும். திருமுல்லைவாயில் விமானமும் இந்த யானை முதுகு வடிவம்தான்!

நம் கோயில்களில் கூரை விளிம்பில் வளைந்து இறங்கும் கொடுங்கை, ஓலைக்கூரையின் இறவாணம்தான். ஆவுடையார்கோயிலில் அந்தக் கொடுங்கையில் குறுக்குச் சட்டம், ஆணித் தலை, கயிறு வரை கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். பழைய சிற்பிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது ஆவுடையார்கோயில் கொடுங்கை போன்ற சில நீங்கலாக மற்றதெல்லாம் செய்து தருகிறோம் என்று எழுதிக் கொடுப்பார்களாம். கல்லுக்கு ஆணியும் வேண்டாம், கயிறும் வேண்டாம். தச்சன் செய்ததைச் சிற்பி மறக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லாமே வெறும் அலங்காரம் என்றும் சொல்லிவிட முடியாது. தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே இருக்கும் போதிகையும் தச்சு வேலையிலிருந்து வந்ததுதான். ஆனால் கல் உத்திரம் வளைவைத் தாங்காது, படக்கென்று உடையும். போதிகை அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிறது. நூற்றுக்கால், ஆயிரங்கால் மண்டபங்களில் தூண்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்பதற்கும் காரணம் கல்லின் இந்தக் குணம்தான்.

மகாராஷ்டிராவில் லோணாவலா பக்கம் கார்லே குகை இதைவிட வேடிக்கை. பாறையைக் குடைந்த மண்டபம், கூரை தானாகவே நிற்கும். ஆனாலும் வளைந்த மரச் சட்டங்களை வரிசையாகப் பொருத்தியிருக்கிறார்கள். அவை ஒரு கிலோ எடையைக்கூடத் தாங்கவில்லை. மண்டபம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டது, அதனால் வைத்தார்கள். சுமார் 2000 வருஷமாக அந்த மரம் அங்கே இருக்கிறது.

பி.காம் பாஷையில் சொன்னால், மரக்கோயில் என்பது ஓயாத வருவாயினச் செலவு, வருஷா வருஷம் தேய்மானம். கல் கோயில் முதலினச் செலவு, ஒரே தடவை. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி பல செங்கல் கோயில்களைக் கற்றளியாக மாற்றியபோது, திருக்கோடிகாவலில் பழைய கல்வெட்டுகளைக்கூடப் பிரதி எடுத்துப் புதுச் சுவரில் வெட்டவைத்தார். தானக் கணக்கு அழியக் கூடாது என்றால் சுவர் அழியக் கூடாது. கல்லுக்கு மாறியதற்குப் பக்தி எவ்வளவு காரணமோ அந்த அளவுக்குக் கணக்கும் காரணம் என்பது என் கட்சி. (அடிக்க வராதீங்க :-))

அதற்காக மரம் மொத்தமாகப் போய்விடவில்லை. சிதம்பரத்தில் நடராஜர் ஆடும் சித்சபை, மேலே பொன் வேய்ந்திருந்தாலும், உள்ளே மரக்கட்டடம்தான். திருநெல்வேலி தாமிர சபை, குற்றாலம் சித்திர சபை இரண்டிலும் மரவேலையைப் பார்க்கலாம். ஐந்து சபைகளில் மூன்று இப்படி இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தேர்! அடித்தளம், தூண், அடுக்கடுக்காக ஏறும் விமானம் என்று முழுக் கோயிலையும் மரத்தில் செய்து சக்கரம் வைத்தால் அதுதான் தேர். 1992-ல் நார்வேயில் ஃபான்டாஃப்ட் தேவாலயத்தை யாரோ கொளுத்திவிட்டார்கள். ஐந்தே வருஷத்தில் அதே மாதிரி திரும்பக் கட்டினார்கள். திருவாரூர் ஆழித்தேரும் 1926-ல் எரிந்துபோனதுதான். இங்கேயும் தச்சர்கள் புதிதாகச் செய்தார்கள், அந்தத் தேர்தான் இன்றும் நாலு வீதியும் சுற்றி வருகிறது.