பூஞ்சை நச்சு: மதுரைச் சமவெளியின் தானியமும் தீவனமும்

தானியங்களிலும் எண்ணெய் வித்துகளிலும் வளரும் சில பூஞ்சைகள் உண்டாக்கும் நச்சுப்பொருள்கள் பூஞ்சை நச்சுகள் எனப்படும். அஃப்ளாடாக்சின், ஃபியூமோனிசின், எர்கட் நச்சு ஆகியவை இவற்றுள் இந்தியாவில் மனிதரையும் கால்நடைகளையும் பாதித்தவை. பூஞ்சணம் பிடித்த தானியம் மதுரை வட்டார உழவர்களுக்குத் தலைமுறைகளாகத் தெரிந்த ஒன்று. அதற்குள் இருந்த நஞ்சு அறியப்பட்டதோ 1960க்குப் பிறகுதான்.

களமும் குலுக்கையும்

வைகைப் பாசனமும் பெரியாற்றுக் கால்வாயும் எட்டும் வயல்களில் நெல் விளைகிறது. உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களில் சோளம், கம்பு, குதிரைவாலி, நிலக்கடலை ஆகியவற்றோடு இப்போது மக்காச்சோளமும் பயிராகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் இந்நிலங்களுக்கு உயிர். அதே மழை கதிர் முற்றும் வேளையிலோ, அறுத்த கதிர் களத்தில் கிடக்கும்போதோ பெய்தால் விளைச்சல் கெடும். தானியத்தின் ஈரப்பதம் ஏறக்குறைய 14 விழுக்காட்டுக்கு மேலிருந்து, சூடும் சேர்ந்தால் பூஞ்சை எளிதில் பரவும்.

பழைய முறையில் தானியத்தை நன்றாகக் காயவைத்து மண் குலுக்கையில் கொட்டி வைத்தார்கள். வேப்பிலையும் நொச்சி இலையும் வண்டுகளை விரட்டும். ஈரத்தோடு கொட்டிய தானியத்தில் பூஞ்சையைத் தடுக்க அவை போதா. வெயிலில் காய்ந்ததே உண்மையான காப்பு. கம்பில் வரும் தேனொழுகல் நோய் மட்டும் கண்ணுக்குத் தெரியும்: கதிரில் பிசுபிசுப்பான துளி வடியும், பின்னர் மணி இருக்க வேண்டிய இடத்தில் கருமையான துணுக்கு நிற்கும். எர்கட் நச்சு அதில்தான் உள்ளது. விதையை உப்புக் கரைசலில் இட்டால் அத்துணுக்குகள் மிதந்து வந்துவிடும்.

மற்றபடி, பூத்துப்போன தானியத்தை யாரும் எளிதில் குப்பையில் கொட்டுவதில்லை. 'மாட்டுக்குப் போடு' என்பதே வழக்கம். வறட்சி நிலத்து உழவர் ஒரு மரக்கால் தானியத்தையும் வீணாக்கத் தயங்குவது இயல்பு, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பூஞ்சை நச்சின் வரலாறு முழுவதும் இந்த வழக்கத்தைச் சுற்றியே நடக்கிறது.

முதலில் இறந்தவை பறவைகள்

1960இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு இலட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. நோய்க்குப் பெயரே 'எக்ஸ்' என்று வைத்தார்கள். தேடிப்போனபோது பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கு அகப்பட்டது. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் பெயரிலிருந்தே அஃப்ளாடாக்சின் என்ற சொல் பிறந்தது. கடலைப் புண்ணாக்கு நம் தொழுவங்களுக்கும் பழக்கமான தீவனம்தானே! 1966இல் அன்றைய மைசூர் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கோழிக்குஞ்சுகள் இதே நச்சால் இறந்தன.

1974

மனிதருக்கு நேர்ந்த பெருங்கேடு மேற்கிந்தியாவில் நிகழ்ந்தது. 1974இன் இறுதியில் இராசத்தானின் பன்ஸ்வாரா, குசராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர்கோத்தலும் பரவின. 397 பேர் பாதிக்கப்பட்டனர், 106 பேர் இறந்தனர். அவ்வீடுகளில் அதே உணவைத் தின்ற நாய்களும் மடிந்தன. தொற்றுநோயாக இருக்கலாம் என்ற ஐயத்தை அகற்ற இது பெரிதும் உதவியது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டறிந்தனர். பருவம் தப்பிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சரியாகக் காயவைக்காமல் சேமித்து, அம்மக்கள் அதையே நாள்தோறும் உண்டிருந்தார்கள். அவ்வீட்டுச் சோளத்தில் கிலோவுக்கு 6.25 முதல் 15.6 மில்லிகிராம் வரை அஃப்ளாடாக்சின் இருந்தது. இன்று தானியத்துக்கு இந்தியா அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அதாவது ஆயிரம் மடங்கு வரை. கெட்டது என்று தெரிந்தும் வேறு உணவு இல்லாதவர்களே இறந்தார்கள் என்பதை மறக்கலாகாது.

சோளமும் தப்பவில்லை. 1995இல் தக்காணப் பீடபூமியில் அறுவடைக் காலத்து மழையில் நனைந்த சோளத்தையும் மக்காச்சோளத்தையும் உண்ட 27 ஊர் மக்களுக்கு வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வந்தன. காரணம் ஃபியூமோனிசின். நல்லவேளையாக, அத்தானியத்தை நிறுத்தியதும் நலமடைந்தனர்.

பால் வழியே

மாடு தின்ற அஃப்ளாடாக்சின் பி1இன் ஒரு சிறு பகுதி எம்1 என்ற வடிவில் பாலில் வந்து சேர்கிறது. காய்ச்சினாலும் அது அழிவதில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுதும் 6,432 பால் மாதிரிகளை ஆய்வு செய்தது. 368இல் எம்1 வரம்பை மீறியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அவ்வாறு இருந்தன. மாநிலங்களுள் அதிக எண்ணிக்கை இதுவே. தீவனமே மூலம் என்று அறிக்கை சுட்டியது. இந்திய வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.05. கலப்புத் தீவனத்தில் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரம்பிட்டுள்ளது. ஆனால் வீட்டில் மீந்த பூத்த தானியத்தையும் நனைந்த புண்ணாக்கையும் யாரும் ஆய்வகத்துக்கு அனுப்புவதில்லை.

கறவை மாட்டுக்குக் கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களிலேயே பாலில் நச்சு குறைந்துவிடும். தானியத்துக்கோ வெயிலும் உலர்களமும் வேண்டும். உலர்களம் இல்லாத ஊர்களில் மக்காச்சோளம் இன்றும் தார்ச்சாலையில்தான் காய்கிறது.