மயக்கமா, வயதா? சீனி பார்க்கும் கருவியின் கதை



சென்ற வாரம் தரம் 11 பிள்ளைகளுக்குப் பெனடிக்ட் கரைசல் பரிசோதனையைச் செய்து காட்டினேன். குளுக்கோசோடு சேர்த்துச் சூடாக்க, நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கட்டி நிறத்துக்கு வந்தது. "சேர், இதாலயா அந்தக் காலத்துல சீனி வருத்தம் பார்த்தாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டது. ஆம், இதால்தான். வகுப்பில் சொல்ல நேரம் போதாத மிச்சக் கதையை இங்கே எழுதுகிறேன்.

அதற்கும் முந்திய காலத்தில் நாக்குத்தான் கருவி. 1674இல் இங்கிலாந்து வைத்தியர் தோமஸ் வில்லிஸ், நோயாளியின் சிறுநீர் தேன் போல இனிப்பதாக எழுதினார். அவருக்கு 600 வருடங்களுக்கு முன்பே இப்னு ஸீனா தனது 'அல் கானூன்' நூலில் இந்த இனிப்பைக் குறிப்பிட்டிருக்கிறார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க இரசாயனவியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் தனது கரைசலைத் தந்தார். 1941இல் கிளினிடெஸ்ட் என்ற வில்லை வந்தது. சிறுநீர்த் துளிகளில் போட்டால் தானாகவே கொதித்து நிறம் மாறும். அடுப்பு தேவையில்லை.

ஆனால் சிறுநீரில் ஒரு பெரிய குறை இருந்தது. இரத்தத்தில் சீனி 180 மில்லிகிராம் அளவைத் தாண்டினால்தான் பொதுவாக அது சிறுநீரில் இறங்கும். அதுவும் சில மணிநேரத்துக்கு முந்திய நிலைமையைத்தான் காட்டும். சீனி குறைந்துபோனால் அது எதையுமே காட்டாது. 1922இல் இன்சுலின் பாவனைக்கு வந்து எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் அளவு பிசகினால் சீனி சட்டென்று இறங்கி மயக்கம் வரும். அந்த ஆபத்தைப் பார்க்க வீட்டில் எந்த வழியும் இருக்கவில்லை.

1960களின் நடுவில் ஒரு துளி இரத்தத்தில் சோதிக்கும் பட்டி வந்தது. பின்னர் அதன் நிறத்தை இலக்கமாக வாசிக்கும் இயந்திரத்தை ஏம்ஸ் கம்பனி செய்தது. ஒரு கிலோவுக்கு மேல் பாரம். அதன் விளம்பரம் சொன்ன தேவை என்ன தெரியுமா? இரவில் மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படுபவர் குடித்திருக்கிறாரா, சீனி நோயாளியா என்று பிரித்தறிவது!

அந்த விளம்பரம் ரிச்சர்ட் பேர்ன்ஸ்டைன் என்ற பொறியியலாளரின் கண்ணில் பட்டது. 12 வயதிலிருந்து சீனி வருத்தத்தோடு வாழ்ந்தவர். கருவியின் விலை 650 டொலர். நோயாளிக்கு விற்கமாட்டார்கள், வைத்தியர்களுக்கு மட்டும்தான். அவருடைய மனைவி வைத்தியர் என்பதால் மனைவியின் பெயரில் வாங்கினார். ஒரு நாளைக்கு ஐந்து முதல் எட்டுத் தடவை வரை பார்த்து, சாப்பாட்டையும் இன்சுலினையும் சரிசெய்தார். எழுதியனுப்பியதை மருத்துவ சஞ்சிகைகள் ஏற்கவில்லை. 45 வயதில் மருத்துவக் கல்லூரிக்குப் போய் வைத்தியரானார். இன்று நம் வீடுகளில் கையடக்கமாக இருக்கும் கருவிக்குப் பின்னால் இந்தப் பிடிவாதமும் இருக்கிறது.

பேர்ன்ஸ்டைன் தன் விரலைத் தானே குத்தினார், தானே எழுதி வைத்தார். முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒருவர்? கை நடுங்கும், கண் தெரியாது, ஞாபகமறதி வேறு. "எனக்கு ஒரு மாதிரி வருது" என்று சொல்லக்கூடத் தெரியாது. சீனி இறங்கும்போது வரும் தடுமாற்றத்தையும் தூக்கத்தையும் பார்ப்பவர்கள், "வயசு போயிட்டு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். அன்று குடியா சீனியா என்று குழம்பினார்கள். இன்று வயதா சீனியா என்று குழம்புகிறோம்.

இதற்குத்தான் புதிய கருவிகள் உதவுகின்றன. 2014இல் ஐரோப்பாவில் வந்த லிப்ரே, மேற்கையில் ஒட்டினால் 14 நாட்கள் வேலை செய்யும். விரல் குத்தும் தேவை பெரிதும் குறைந்தது. பின்னால் வந்தவை சீனி இறங்கினால் கைத்தொலைபேசியில் சத்தமிடும். பராமரிப்பவரும் தூரத்திலுள்ள பிள்ளையும் பார்க்கலாம். இன்சுலின் போடும், சீனி பார்க்கப் பிறர் உதவி தேவைப்படும் இரண்டாம் வகை நோயாளிகளுக்கு இத்தகைய கருவியைக் கொடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. இல்லங்களில் இருக்கும் பலர் அதில் அடங்குவர்.

நமக்கு அந்தக் கருவி விலை கூடியதுதான். ஆனாலும் சாதாரணக் கருவியும் ஒரு சீஆர் கொப்பியும் இருந்தாலே பாதி வேலை நடக்கும். உங்கள் உறவு ஓர் இல்லத்தில் இருந்தால் அந்தக் கொப்பியைக் கேட்டுப் பாருங்கள். திடீரென்று தடுமாறினால், வயதைச் சொல்லுமுன் சீனியைப் பார்க்கச் சொல்லுங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கருவி சத்தமிடும். எழுந்து போய்ப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் நம் பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறாரா?